அண்டாவில் மண் போடுவதற்கு முன்

பரணை ஒழிக்கும் நாளில்தான் இந்த ஆசை பிறக்கிறது. முதலில் ஒரு பித்தளை அண்டா இறங்கும். அதற்குள் உழக்கும் ஆழாக்கும் கிடக்கும். பின்னாலேயே ஒரு மூங்கில் முறம், கைப்பிடி ஆடும் அரிக்கேன் விளக்கு, மூடி தொலைந்த ஊறுகாய் ஜாடி. எடைக்குப் போட மனம் வராது. கூடத்தில் வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். வைத்தால் அழகாகத்தான் இருக்கும். இருபது ஆண்டுகளாக நானும் இதே வேலையாக இருக்கிறேன். அழகாக அமைந்தவை சில, பாழாக்கியவை பல. பாழானவற்றை இப்போது எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: அந்தப் பொருள் அதுவரை என்ன வேலை பார்த்தது, எதைச் சுமந்தது, எதைக் குடித்து ஊறியிருந்தது என்று விசாரிக்காமல் புது வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

அண்டாவிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டு அண்டாவில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து போட்டு வாசலில் ஒரு அலங்காரப் பனை வைத்தேன். ஒரு வருடம் பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அதன் இடுப்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. தட்டிப் பார்த்தேன். கணீர் என்ற பழைய நாதம் போய்த் தொண்டை கட்டியவர் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. விரிசல்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சுத்தியலால் அடித்தோ அச்சில் அழுத்தியோ உருவாக்கிய பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதன் மேல் ஈரமும் அமோனியாவும் சேர்ந்து படும்போது, இறுக்கம் இருக்கும் இடமாகப் பார்த்து உலோகம் வாய் பிளக்கும். இதை உலகம் கற்றுக்கொண்டதே நம் நாட்டு மழையில்தான். பிரிட்டிஷ் ராணுவத்தார் இங்கே மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் விரிசல் கண்டிருக்கும். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் குற்றவாளி என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. தொழுவுரம், கோழி எரு, யூரியா எதிலிருந்தும் இதே அமோனியா வரும். ஆகவே அண்டாவுக்குள் நேரடியாக மண் வேண்டாம். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அடியில் ஒரு தட்டு கொடுத்து, அந்தத் தொட்டியை அண்டாவுக்குள் இறக்குங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று அண்டாவின் அடியில் துளை போடுபவர்களும் உண்டு. போட்டபின் அது பாத்திரம் அல்ல. பழைய விலைக்கும் போகாது.

துலக்குவதிலும் அவசரம் கெடுதல். கழிப்பறை ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அழுக்கு போகும், உண்மைதான். கூடவே மேற்பரப்பின் துத்தநாகமும் போய், பித்தளை மஞ்சள் நிறம் இழந்து புண் ஆறிய தோல் போல இளஞ்சிவப்பாக நிற்கும். புளியும் உப்பும் போதும். ஆனால் தேய்த்தபின் நன்றாக அலசி உடனே துணியால் துடைக்க வேண்டும். உப்பு தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். பளபளப்பு நிற்க வேண்டும் என்று லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷைப் பூசியவர்கள், அந்தப் பாத்திரத்தில் பிறகு ஒரு நாள் ஆசைக்காகக்கூடச் சமைக்கக் கூடாது.

ஈயச்சொம்புக்கு ஒரு தனி எச்சரிக்கை. ரசம் வைத்த பழைய ஈயச்சொம்புக்குள் சிறு மெழுகுவத்தி ஏற்றி ஜன்னலோரம் வைப்பது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ரசம் இருக்கும் வரை, கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால்தான் அது அடுப்பில் பிழைத்தது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போன வீடுகளில் என்ன ஆயிற்று என்று பாட்டிமார்களைக் கேளுங்கள். மெழுகுவத்திச் சுடர் விளிம்பைத் தொட்டால் அங்கும் அதே கதைதான்.

அடுத்தது உருளி. வாசலில் தண்ணீர் நிரப்பிச் சாமந்தியும் ரோஜாவும் மிதக்கவிடுவது. உரலிலும் ஆட்டுக்கல் குழியிலும் இதையே செய்கிறார்கள். கண்ணாடிச் சீசாக்களில் மணி பிளான்ட் வைப்பதும் இந்தக் கணக்கில் சேரும். அழகில் எனக்குச் சண்டை இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவதும் இப்படித் தெளிந்து நிற்கும் தண்ணீரைத்தான். அது முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை தண்ணீரே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிந்துவிடும். பூ வாடியதும் பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். முட்டை சுவரிலேயே பத்திரமாக இருக்கிறது. பொரிந்த புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறையாவது பாத்திரத்தைக் காலி செய்து, தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கல் உரலின் சொரசொரப்பில் இது கடினம். உரலில் தண்ணீர் வேண்டாம் என்பது என் முடிவு. அதன் மேல் ஒரு பலகையோ கண்ணாடியோ போட்டுக் காப்பி டம்ளர் வைத்துக்கொள்ளலாம்.

உரலைப் பற்றிப் பேசும்போதே எடையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. ஊரிலிருந்து ஆட்டுக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அடுக்குமாடியின் மூன்றாவது தளத்துப் பால்கனி ஓரத்தில், நான்கு மண்தொட்டிகளுக்கு நடுவே வைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். முதலில் தரை ஓடு விரிந்தது. அதற்குப் பிறகுதான் பால்கனி என்பது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பலகம் என்ற நினைவே அவர்களுக்கு வந்தது. கல்லைத் தரைத்தளத்தில் வையுங்கள். மாடியில்தான் வேண்டுமென்றால் தூணை ஒட்டி, அடியில் தடித்த ரப்பர் விரிப்போடு.

மரத்துக்கு வருவோம். இங்கேதான் தவறுகள் அதிகம்.

இடித்த வீட்டின் கதவு, ஜன்னல், சட்டம் ஆகியவற்றை வாங்கி மேசையாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் மாற்றும்போது, முதல் வேலையாக எல்லோரும் உப்புத்தாளை எடுக்கிறார்கள். பழைய பெயின்டைத் தேய்த்துத் தூளாக்குகிறார்கள். பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். அந்தப் பெயின்டில் காரீயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் சந்தேகப்படுவதே நல்லது. காரீயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. உரிக்க வேண்டியிருந்தால் வெளியிடத்தில், மரத்தை ஈரப்படுத்திக்கொண்டு, நீர் தாங்கும் உப்புத்தாளால் தேய்த்து, வழிந்த கழிவைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்குப் போதாது. பெயின்டை எரித்து எடுக்கும் பழக்கம் இன்னும் மோசம். (ஈயம் என்ற ஒரே சொல் நம் பேச்சில் இரண்டு உலோகங்களுக்கும் நடமாடுகிறது. ரசச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இன்னொரு விநோதமும் பார்க்கிறேன். நல்ல பர்மாத் தேக்குக் கதவு, நூறு கைகள் பட்டு வழவழத்திருக்கும். அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் சுரண்டி, ‘பழமைத் தோற்றம்’ கொடுக்கிறார்கள். பழசைப் புதுசாக்கி, புதுசைப் பழசாக்கிக் காட்டும் இந்த வேலைக்குக் கூலியும் உண்டு. தேக்குக்குத் தேவை சோப்புநீர் துடைப்பு, இரண்டு நாள் நிழல் உலர்ப்பு, மெல்லிய ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

மரத்தின் அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் மேல் வார்னிஷ் அடிப்பது திருடனை உள்ளே வைத்துப் பூட்டுவது. உள்ளே இருக்கும் புழு வண்டாகி, புதிய துளை போட்டு வெளியே வந்து, பக்கத்து அலமாரிக்குப் போகும். கடும் வெயிலில் சில நாள் காயவைத்து, போரிக் அமிலமும் வெங்காரமும் (போராக்ஸ்) கரைத்த நீரைத் துளைகளிலும் பூச்சு இல்லாத பரப்பிலும் ஊறவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் சில வாரங்கள் கறுப்புத்தாளின் மேல் நிறுத்திப் பாருங்கள். புதிதாகப் பொடி விழவில்லை என்றால்தான் வீட்டுக்குள் இடம். ஆசாரியிடம் இழைக்கக் கொடுக்கும் முன் ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஒளிந்திருந்த ஓர் ஆணியில் இழைப்புளியின் அலகு முறிந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

சரக்குப் பலகைகள், அதாவது பேலட்டுகள், இப்போது சோபாவாகவும் கட்டிலாகவும் ஆகின்றன. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகை என்றால் பக்கவாட்டில் கோதுமைக்கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போடப்பட்டது. அதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். நல்ல முத்திரை இருந்தும் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ வந்தால் விட்டுவிடுங்கள். பலகை பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைத்தான் முத்திரை சொல்லும். பிறகு அதன் மேல் எந்தப் பீப்பாய் கசிந்தது என்பதைச் சொல்லாது. சாக்குப்பைக்கும் இதே விசாரணை வேண்டும். அரிசிச் சாக்கில் மெத்தை உறை தைக்கலாம். பூச்சிமருந்தோடு ஒரே கிடங்கில் கிடந்த சாக்கை எத்தனை முறை துவைத்தாலும் தலையணை ஆக்கக் கூடாது. துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே அளந்து வெட்டுங்கள்.

முறத்தைச் சுவரில் மாட்டிக் கோலம் வரைவது எளிய, நல்ல அலங்காரம். ஆனால் அது தானியம் புடைத்த முறம். பின்னல் இடுக்கில் நொய்யும் தவிடும் இருக்கும், அதைத் தேடி வண்டு வரும். பழைய தூரிகையால் இடுக்கெல்லாம் தட்டி, இரண்டு மூன்று வெயில் காட்டிய பிறகு வண்ணம் பூசுங்கள். காகிதக்கூழும் வெந்தயமும் அரைத்து மெழுகிய பழைய முறம் கிடைத்தால் அதன் மேல் எதுவுமே பூச வேண்டாம். அந்த மெழுகே அலங்காரம்.

ஊறுகாய் ஜாடியில் செடி வைத்தால் செடி வாடும். மெருகில் மயிர்விரிசல் விட்ட ஜாடி வருடக்கணக்காக உப்பைக் குடித்திருக்கிறது. மண் ஈரமானதும் உப்பு வெளியே வரும். கரண்டிகள் நிறுத்திவைக்க உகந்தது. மண்பானைக்கு வெளிப்புறம் மட்டும் எனாமல் அடித்து உள்ளே ஈரமண் போட்டால், பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். காவி, சுண்ணாம்பு போன்ற மூச்சுவிடும் பூச்சுகள் பானைக்குப் பொருந்தும். தின்னர், மண்ணெண்ணெய் இருந்த காலி டின்னைக் கிரைண்டரால் அறுக்கக் கூடாது. உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

அரிக்கேன் விளக்கை மின்விளக்காக மாற்றுபவர்கள் தகர உடலில் துளை போட்டு இரண்டு கம்பி ஒயரை நுழைத்துவிடுகிறார்கள். துளையின் கூர்விளிம்பு ஒயரின் உறையை நாளடைவில் அறுக்கும். ஒரு நாள் விளக்கின் உடல் முழுவதும் மின்சாரம் இருக்கும். துளைக்கு ரப்பர் வளையம், எர்த் கம்பியோடு மூன்று கம்பி ஒயர், மூன்று ஊசி பிளக், உள்ளே சிறிய எல்இடி பல்பு. இதைச் செய்யத் தெரியாவிட்டால் எலக்ட்ரீசியனை அழையுங்கள், அல்லது பேட்டரியில் எரியும் விளக்கை உள்ளே வையுங்கள். சணல் கூண்டுக்குள் பழைய குண்டு பல்பு மாட்டவே கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்து, எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் அடைத்துவைத்தால் அது காயலான் கடை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் குவியலாகப் பார்க்க நன்றாக இருக்கும் எனாமல் கிண்ணங்கள், நம் வீட்டில் ஒன்றோ இரண்டோ இருந்தால்தான் கண்ணில் நிற்கும்.

கடைசியாக ஒன்று. பரணில் துணியில் சுற்றிய ஓலைக்கட்டு இருந்தால் தயவுசெய்து அதை விசிறி போல விரித்துச் சட்டத்தில் ஒட்டாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். நண்பர் ஒருவர் வீட்டுச் சுவரில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஓலைகளின் வரிசை மாறி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணி. மதிப்புள்ள சுவடி 75 ஆண்டு பழையது என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. அது வைத்தியக் குறிப்போ, நிலக்கணக்கோ, யாரோ எழுதிப் பழகிய ஆத்திசூடியோ, நமக்குப் படிக்கத் தெரியாது. தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் ஆகிய இடங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு முறை காட்டிவிட்டு வந்து, பிறகு ஆணியை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசியுங்கள்.