இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பருத்தி நூலில் றேந்தைச் சட்டை: கழுத்திலிருந்து கீழ்நோக்கி

வன்னி வெயிலுக்குக் கம்பளி நூல் சரிவராது. மார்கழி, தைப் பனிக்காலையிலும் பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டை போதும். கம்பளிக்கென்று எழுதிய கணக்கை அப்படியே பருத்தியில் பின்னினால் யோக், அதாவது கழுத்திலிருந்து கக்கம் வரையுள்ள மேற்பகுதி, தொங்கிப்போகும். பருத்தி ஒருமுறை இழுபட்டால் திரும்பிச் சுருங்குவது குறைவு, றேந்தை ஓட்டைகள் அதை இன்னும் இழுபட விடும். கீழே உள்ள எண்கள் இதைக் கணக்கில் எடுத்தவை. நெஞ்சுச் சுற்று 58 ச.மீ. வரும். நேர்க்கண்ணியும் மறுகண்ணியும் கை பழகியிருந்தால் தொடங்கலாம்.

நூல்: 50 கிராமுக்கு ஏறக்குறைய 110 மீற்றர் வரும் நடுத்தர மொத்தப் பருத்தி நூல், 4 பந்து. எல்லாம் ஒரே சாயத் தொகுதி எண் உள்ளதாக இருக்கட்டும். செம்மண் புழுதிக்கு வெள்ளை வேண்டாம். கடும் நிறத்தில் றேந்தை தெரியாது. மங்கல் மஞ்சளோ இளம்பச்சையோ நல்லது.

ஊசி: 80 ச.மீ. நீளமான வட்ட ஊசிகள், 4 மி.மீ. ஒன்று, 3.25 மி.மீ. ஒன்று. ஊர்க்கடையில் இல்லாவிட்டால் கொழும்பு போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டையில் எடுப்பியுங்கள். மூங்கில் ஊசியைப் பலர் புகழ்வார்கள். வியர்த்த கையில் பருத்தி நூல் அதில் ஒட்டிக்கொள்ளும். கூர்முனை உலோக ஊசியே என் தெரிவு. மூன்று கண்ணியை ஒன்றாக்கும்போது அந்தக் கூர் உதவும்.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 4 மி.மீ. ஊசியில் 32 கண்ணி ஏற்றி, 12 ச.மீ. உயரம் வரை பின்னுங்கள். சட்டை வட்டமாகப் பின்னப்படுவதால் மாதிரியிலும் மறுகண்ணி வரிசை வரக்கூடாது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலைப் பின்பக்கமாகத் தளரவிட்டு, திரும்பவும் வலப்பக்கத்திலிருந்தே நேர்க்கண்ணி பின்னுங்கள். பிறகு தோய்த்து, பாரத்தில் எவ்வளவு இழுபடும் என்று தெரிய, கொடியில் கிளிப் போட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். உலர்ந்தபின் நடுவில் 10 ச.மீ. அளந்தால் அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 30 சுற்று இருக்கவேண்டும். 20 கண்ணிதான் என்றால் நெஞ்சுச் சுற்று 64 ஆகிவிடும். சின்ன ஊசிக்கு மாறுங்கள். உயரத்தில் 27 சுற்றுத்தான் என்றால் யோக் 13 ச.மீ.க்குப் பதிலாக 14.4 வரும், கக்கம் கீழே இறங்கும். அப்போது கீழே சொல்லும் வெறும் சுற்றுகளில் நாலைக் குறையுங்கள்.

கழுத்து

3.25 ஊசியில் 96 கண்ணி, தளர்வாக. ஏற்றிய விளிம்பு எங்கும் உட்பக்கமாகக் கீழே பார்க்கிறதா என்று பார்த்தே வட்டத்தை இணையுங்கள். முறுகி இணைத்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. கம்பி நீளம் என்பதால் நடுவில் ஒரு வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம். இணைத்த இடம் முதுகின் நடு. அதில் நிற நூலால் ஒரு அடையாள வளையம் போடுங்கள். 1 நேர், 1 மறு என 6 சுற்று.

4 மி.மீ. ஊசிக்கு மாறி 2 சுற்று வெறுமனே, அதாவது முழுதும் நேர். பிறகு 3 கண்ணிக்கு ஒன்று கூட்டுங்கள்: இரு கண்ணிக்கிடையே ஓடும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னினால் ஓட்டை விழாது. 128 ஆகும்.

இப்போது முதுகை உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் சட்டை பிள்ளையின் தொண்டையை நெரிக்கும். அடையாளத்துக்கு அப்பால் 20 நேர், திரும்பி 40 மறு. திரும்பி 48 நேர், திரும்பி 56 மறு. திரும்பி 28 நேர் பின்னி அடையாளத்துக்கு வாருங்கள். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, நூலை மேலாக இறுக்கி இழுத்தால் அது இரட்டைக் காலாக நிற்கும். அடுத்த முறை அந்த இரண்டு காலையும் ஒன்றாகப் பின்னுங்கள். மேலே 2 சுற்று வெறுமனே.

றேந்தை

8 கண்ணிக்கு ஒருமுறை திரும்பும், 6 சுற்று. நூல்சுற்று என்றால் நூலை வலது ஊசிமேல் ஒருமுறை சுற்றிப் புதுக்கண்ணி ஆக்குவது:

1: 1 நேர், நூல்சுற்று, 2 நேர், மூன்றை ஒன்றாக்கு, 2 நேர், நூல்சுற்று.
3: 2 நேர், நூல்சுற்று, 1 நேர், மூன்றை ஒன்றாக்கு, 1 நேர், நூல்சுற்று, 1 நேர்.
5: 3 நேர், நூல்சுற்று, மூன்றை ஒன்றாக்கு, நூல்சுற்று, 2 நேர்.
2, 4, 6: முழுதும் நேர்.

மூன்றை ஒன்றாக்க: இரண்டு கண்ணிகளைச் சேர்த்து, நேர் பின்னுவதுபோல் ஊசி கொடுத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். அடுத்ததைப் பின்னி, மாற்றிய இரண்டையும் அதற்கு மேலாக இழுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் நடுக்கண்ணி சாய்ந்து நிற்கும்.

அதிகம் பிழைக்கும் இடம் 1ஆம் சுற்று. அது நூல்சுற்றோடு முடிகிறது. அந்த நூல்சுற்று அடையாள வளையத்துக்கு அடியால் நழுவி அடுத்த பக்கம் போய்விடும். ஒரு பங்கில் 7, மற்றதில் 9 என்று வந்து, அடுத்த றேந்தைச் சுற்று முழுவதும் ஒரு கண்ணி தள்ளிப்போகும். 2ஆம் சுற்று தொடங்கும்போது வளையத்தின் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். ஒவ்வொரு 8க்கும் வளையம் போட்டால் இந்தத் தொல்லை பெருகும். 32க்கு ஒன்று போதும்.

6 சுற்று முடிய 1 வெறுமனே, 4க்கு ஒன்று கூட்டி 160, 1 வெறுமனே, மறுபடி 6 றேந்தை. 1 வெறுமனே, 5க்கு ஒன்று கூட்டி 192, 1 வெறுமனே, றேந்தை இருமுறை, கடைசியில் 4 வெறுமனே. கழுத்தின் முதல் 6 சுற்றை விட்டு எண்ணினால் முன்பக்கம் 39 சுற்று இருக்கும்.

பிரிப்பதும் முடிப்பதும்

28 பின்னி, 40ஐக் கைக்கென்று வேறு நூலில் கோர்த்து விட்டு, கக்கத்துக்கு 8 புதிதாக ஏற்றுங்கள். 56 பின்னி, அடுத்த 40க்கும் அதே மாதிரி, கடைசி 28. உடலுக்கு 128. 15 ச.மீ. வெறுமனே, பிறகு றேந்தை இருமுறை. விளிம்பு சுருளாமலிருக்க ஒரு சுற்று மறு, ஒரு சுற்று நேர் என 4 சுற்று. பெரிய ஊசியால் தளர்வாக மூடுங்கள்.

கைக்கு 3.25 ஊசியில் 40ஐத் திரும்ப எடுத்து, கக்கத்தில் 8ம் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றுமாக 10 எடுங்கள். மூலையில் எடுக்காவிட்டால் அங்கே ஓட்டை நிற்கும். அடுத்த சுற்றில் அந்த இரண்டையும் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்தால் 48. 3 ச.மீ. வெறுமனே, 4 சுற்று 1 நேர் 1 மறு.

தோய்த்த சட்டையைக் கொடியில் போடாதீர்கள், ஈரப்பாரம் யோக்கை நீட்டிவிடும். துவாயில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பாயில் விரித்து, றேந்தைக் கூர்களை விரலால் இழுத்து விடுங்கள். மிஞ்சிய நூலை எறியவேண்டாம். அடுத்த மாரிக்குப் பிள்ளை வளர்ந்திருக்கும், கீழ் விளிம்பைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.