சீட் டே: நாள் வேண்டாம், ஒரு வேளை போதும்

எடை குறைக்க ஆரம்பித்த புதிதில் ஜிம்மில் ஒரு தம்பி சொன்னான், "அண்ணே, ஆறு நாள் கட்டுப்பாடா இருங்க, ஞாயித்துக்கிழமை சீட் டே, இஷ்டத்துக்குச் சாப்பிடுங்க, அப்பத்தான் மெட்டபாலிசம், அதான் உடம்பு கலோரியை எரிக்கிற வேகம், படுத்துக்காம இருக்கும்." வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா கேட்டாள், "எந்தச் சீட்டுடா, மாசச் சீட்டா?" அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆறு நாள் கட்டினதை ஏழாம் நாளே எடுத்துத் தின்றால் சீட்டில் என்ன மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்க ஐந்து மாதம் ஆகிவிட்டது.

என் கதை இதுதான். 84 கிலோவில் ஆரம்பித்தேன், மூன்று மாதத்தில் 78 வந்தது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு மேல் எடை மெஷின் முள் அதே 78-ல் நின்றுகொண்டது, 300 கிராம் மேலே, 300 கிராம் கீழே. நடையைக் கூட்டினேன், ராத்திரி சப்பாத்தியை மூன்றிலிருந்து இரண்டாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுடைய ரஃப் நோட்டை எடுத்து, வாயில் போட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன்.

காலையில் நெய் மிதக்கிற வெண்பொங்கல், இரண்டு வடை, காபி: 800 கலோரி. மதியம் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, சிக்கன் 65, கூடவே வருகிற பிரட் அல்வா: 1250. சாயங்காலம் மூன்று வாழைக்காய் பஜ்ஜி, டீ: 400. ராத்திரி மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்: 1150. நடுவில் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் 200. மொத்தம் 3800. தராசு வைத்து நிறுத்த கணக்கு இல்லை, கைக்கணக்குதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். என் உயரத்துக்கும் உட்கார்ந்தே பார்க்கிற வேலைக்கும் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க 2200 கலோரி போதும். ஆக அன்று ஒரே நாளில் 1600 அதிகம்.

இப்போது மற்ற ஆறு நாள். தினம் 500 கலோரி குறைத்தால் ஆறு நாளைக்கு 3000. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. ஏழு நாளும் ஒழுங்காக இருந்தால் வாரத்துக்கு 450 கிராம் குறையும், ஞாயிற்றுக்கிழமை 1600-ஐத் திருப்பி எடுத்துவிட்டால் 180 கிராம்தான். அந்த 180 கிராமாவது எனக்குக் குறைந்திருக்க வேண்டுமே, ஏன் குறையவில்லை என்றால், என் ஞாயிறு சனிக்கிழமை ராத்திரியே "நாளைக்குத்தான் சீட் டே ஆச்சே" என்று ஆரம்பித்து, திங்கட்கிழமை காலை ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த பிரியாணியைச் சூடுபண்ணிச் சாப்பிடுகிற வரை நீண்டது. பக்கெட் பிரியாணி வாங்குகிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

அந்தத் தம்பி சொன்ன மெட்டபாலிசக் கதையிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் அது இவ்வளவு தூரம் ஓடுகிறது. 1994-ல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு செல்கள் சுரப்பது, உடம்பில் இருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தகவல் சொல்வது. சாப்பாட்டைக் குறைத்தால் லெப்டின் குறையும், பசி ஏறும். ஒரு நாள் நிறையச் சாப்பிட்டால் அது ஏறத்தான் செய்கிறது, ஆனால் மறுபடி குறைத்துச் சாப்பிட ஆரம்பித்ததும் இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவால் மெட்டபாலிசம் எழுந்து ஓடப்போவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 51 பருமனான ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2017-ல் வெளிவந்தது. இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவேளை என்று விட்டு விட்டு இருந்தவர்கள் சராசரியாக 14 கிலோ குறைந்தார்கள், இடைவிடாமல் இருந்தவர்கள் 9 கிலோ. சீட் டே பிரியர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த இடைவேளையில் அவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடவில்லை, எடை ஏறாத அளவுக்கு அளந்து சாப்பிட்டார்கள். பிறகு ஜிம் போகிறவர்களிடம் நடந்த வேறொரு சோதனையில் இடைவேளை விட்டதால் கொழுப்பு ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை.

அப்போ ஒன்றுமே கூடாதா? கூடும். நாளாக வேண்டாம், வேளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மதியப் பிரியாணியை, அதே 1250 கலோரியை வைத்துக்கொள்வோம். அன்று காலை இரண்டு அவித்த முட்டை, ஒரு தோசை, ராத்திரி ரசமும் கொஞ்சம் சோறும் பொரியலும் என்று முடித்தால் அன்றைய மொத்தம் 2200-ஐத் தாண்டாது. ஆறு நாள் சேர்த்த 3000 அப்படியே இருக்கும், வாரத்துக்கு 390 கிராம் இறங்கும். பிரியாணியும் சாப்பிட்டாச்சு.

இதில் முக்கியம், எந்த வேளை என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது, அதையும் கிழமை பார்த்துச் செய்யாமல் காலண்டர் பார்த்துச் செய்வது. ஞாயிறுதோறும் என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? புதன்கிழமை முகூர்த்தம் வரும், வெள்ளிக்கிழமை ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வரும், இதெல்லாம் "தவிர்க்க முடியாதது" என்ற கணக்கில் போகும், ஞாயிறு தனியாக வரும். நம் ஊரில் விசேஷத்துக்குப் பஞ்சமே இல்லை, சீட் டே தன்னால் வந்துகொண்டே இருக்கிறது, நாமும் வேறு தனியாக ஒன்று வைக்க வேண்டுமா? அதனால் வீட்டில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில், மாதம் பிறந்ததும் நாலே நாலு வட்டம் போடுங்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் முதல் வட்டங்கள் அவற்றுக்கு. மீதி இருந்தால் பிரியாணிக்கோ பரோட்டாவுக்கோ. வைகாசி, ஆவணி, தை மாதிரி முகூர்த்த மாதங்களில் நாலும் பந்தியிலேயே தீர்ந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போது ஓட்டலுக்குப் போய்க்கொள்ளலாம். (புரட்டாசி முழுக்கக் கறி தொடாமல் இருந்துவிட்டு, முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடை வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: ஒரு மாதப் பாக்கியை ஒரே மதியத்தில் வசூலிக்க வேண்டாம்.)

வட்டம் போட்ட நாளில் எப்படிச் சாப்பிடுவது? பட்டினி கிடந்து போகாதீர்கள். மதியம் விருந்து என்று காலையில் வெறும் காபியோடு இருந்தால் இலையில் உட்கார்ந்ததும் கை நிற்காது. முட்டையோ சுண்டலோ பச்சைப்பயறு தோசையோ, வயிற்றில் நிற்கிற மாதிரி கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடிந்தவரை வெளியே போய்ச் சாப்பிடுங்கள், வீட்டுக்குப் பார்சல் வாங்கினால் மிச்சம் இருக்கும், மிச்சம் இருந்தால் மறுநாள் காலி ஆகும். கூல் டிரிங்க்ஸ் வேண்டாம், அது ருசிக்காகக் குடிப்பதே இல்லை, பழக்கத்துக்குக் குடிப்பது. தண்ணியடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் ஒரு குவாட்டரிலேயே 400 கலோரிக்கு மேல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சைடு டிஷ் தனிக் கணக்கு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது விருதுநகர் பொரிச்ச பரோட்டா. என் மாமியார் வீடு அங்கே. அகலக் கல்லில் எண்ணெயை ஊற்றி, அதிலேயே மிதக்கவிட்டு எடுப்பார்கள், மேல் தோல் மொறுமொறுவென்று நொறுங்கும், உள்ளே அடுக்கு மெத்தென்று இருக்கும். ஒரு தடவை செல்போனை உள்ளே வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் பரோட்டா அபாரம். இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவதில் எனக்குத் தெரிந்தது சால்னாவின் ருசி மட்டும்தான், பரோட்டா சும்மா சால்னாவைத் தூக்கிவருகிற வண்டியாகத்தான் இருந்தது. அடுத்த தடவை இரண்டோடு எழுந்துவிட்டேன். அத்தை விடவில்லை, "என்ன மாப்ள, ரெண்டோட எந்திரிச்சுட்டீங்க, சமையல் பிடிக்கலையோனு நெனைக்க நான் பண்ணதும் இல்ல, கடையில வாங்குனது, இன்னொண்ணு வைக்கிறேன்" என்றார். இந்த மாதிரி நேரத்தில் "டயட்" என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் சுற்றி இருக்கிற எட்டுப் பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "ராத்திரிக்கு வச்சிருங்க அத்தை" என்றேன், தீர்ந்தது. ராத்திரி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள்தான் பலரும் தவறு செய்கிறார்கள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மெஷினில் ஏறி நின்று, 1.5 கிலோ ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீண்" என்று கொதிப்பது. 1.5 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், உங்களால் முடியாது. மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தும். மெஷின் காட்டுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான், மூன்று நாலு நாளில் இறங்கிவிடும். அதுவரை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நான் வெள்ளிக்கிழமை காலை மட்டும், பல் தேய்த்து, வெளிக்கிப் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல் எடை பார்க்கிறேன்.

தண்டனையாகப் பட்டினி கிடப்பதும் வேண்டாம், இரண்டு மணி நேரம் கூடுதலாக நடப்பதும் வேண்டாம். ஒரு மணி நேரம் நடந்தால் 200, 250 கலோரி போகும், மூன்று பரோட்டா சால்னாவை நடந்தே கரைக்க நாலு மணி நேரமாவது ஆகும், மதுரையிலிருந்து திருமங்கலம் வரை நடக்கலாம். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான டிபனைச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, வட்டம் போடாத நாளில் கை நீண்டுவிட்டால்? ஆபீஸில் யாரோ மைசூர்பா டப்பாவை நீட்டினார்கள், இரண்டு சாப்பிட்டாச்சு. இரண்டு மைசூர்பா 400 கலோரி, அதோடு போனால் ஒன்றும் குடி முழுகாது. குடி முழுகுவது அதற்கு அடுத்து மனசுக்குள் வருகிற "நனைந்த பிறகு முக்காடு எதற்கு" என்ற நினைப்பில்தான். 1975-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரண ஆட்கள் வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டிலேயே இருக்கிறவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காமல் வந்த தங்கள் வகையினரைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு போயிற்று என்று முடிவாகிவிட்டதல்லவா, இனி என்ன என்று. அந்த நேரத்தில் எனக்கு உதவுவது ஒரே ஒரு வேலை: எழுந்து போய் வாய் கொப்பளிப்பது. சிரிக்காதீர்கள், சாப்பிட்டு முடிந்தது என்று உடம்புக்குத் தெரிய அது போதுமாக இருக்கிறது.

இன்னொன்று. வாரம் முழுக்க எப்போதடா ஞாயிறு வரும் என்று ஏங்கிக்கொண்டிருந்தால், கோளாறு உங்கள் டயட்டில் இருக்கிறது. ஆறு நாளும் ஓட்ஸ் கஞ்சியும் வெள்ளரிக்காயும் தின்றால் யாருக்குத்தான் பரோட்டா கனவில் வராது? இட்லிக்குப் பொடியும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டுக்கொள்ளுங்கள், மீன் குழம்பு சாப்பிடுங்கள், சோற்றை மட்டும் குறைத்துக் குழம்பில் கிடக்கிற துண்டை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

சிலருக்கு இந்த வட்டமும் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள், விருந்துக்கு இடம் வைக்கிறேன் என்று முன் வேளையைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம், உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாமல் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிற பழக்கமோ, சாப்பிட்டதை வாந்தியெடுக்கிற பழக்கமோ இருந்தால், அதற்கு முதலில் டாக்டரைப் பாருங்கள், எடை அப்புறம்.

இப்போது நான் 73. அக்கா பேரனுக்கு அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து, இரண்டு கிடா நேர்ந்திருக்கிறார்கள், அந்தத் தேதிக்குச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டாச்சு. அதற்கு முந்தின ஞாயிறு வீட்டில் ரசம் சோறுதான். மனைவியிடம் சொல்லிவிட்டேன், மகனிடம் இன்னும் சொல்லவில்லை.