கிளிக் கேட்காத லப்டொப்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் மேல்மாடி மாமி கோல் எடுத்தார். "தம்பி, இந்த லப்டொப்புக்குப் பேய் பிடிச்சிட்டுது போல. ஒரு ஃபைலைத் தொட்டா முன்னம் தொட்டதும் சேர்ந்து நீலமாகுது. பக்கத்தை உருட்டினா எழுத்தெல்லாம் பூதம் மாதிரிப் பெரிசாகுது."

மாமி வெள்ளவத்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பவர். வினாத்தாள் எல்லாம் அந்த லப்டொப்பில்தான். ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருந்தார். கீபோர்ட் முழுதாக மாற்ற வேண்டும், டச்பேடும் சந்தேகம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் மாற்ற வேண்டி வந்தது எதுவுமில்லை. இடப்பக்கக் கொன்ட்ரோல் கீயின் அடியில் பிஸ்கட் தூள். கீ அமுங்கியபடியே நின்றிருக்கிறது. கொன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு கிளிக் செய்தால் ஒன்றோடு ஒன்றாகத் தெரிவாகும், உருட்டினால் பெரிதாகும். லப்டொப் தனக்குச் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது, பாவம்.

கிளிக் பிழைக்கும்போது எல்லோரும் மவுஸைத்தான் சந்தேகப்படுகிறோம். கள்ளன் பல தடவை கீபோர்ட்டில் ஒளிந்திருப்பான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். நான் விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். 10-க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டாலும், இங்கே பலரின் மடியில் இருப்பது இன்னமும் அதுதான்.

படி 1: முதலில் ரீஸ்டார்ட், ஷட் டவுன் அல்ல

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிட்டன், சரிவரேல்ல" என்பார்கள். விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் லப்டொப்பில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும்; திறக்கும்போது அதையே திரும்ப எடுக்கும். பழைய கோளாறும் கூடவே எழும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஸ்டார்ட், பவர், ரீஸ்டார்ட். பாதிப் பிரச்சினை இங்கேயே போய்விடும்.

படி 2: எந்தக் கீ அமுங்கி நிற்கிறது?

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அதே கூத்தா? அறிகுறியை வைத்தே ஆளைப் பிடிக்கலாம்.

கிளிக் செய்யும் ஃபைல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனால் கொன்ட்ரோல். முதல் ஃபைலுக்கும் கடைசி ஃபைலுக்கும் இடையில் உள்ளவை எல்லாம் ஒரேயடியாகத் தெரிவானால் ஷிப்ட். டபுள் கிளிக் செய்தால் ஃபைல் திறக்காமல் அதன் புரொப்பர்ட்டீஸ் பெட்டி வந்தால் ஆல்ட். சும்மா எழுத்து அடிக்கப் போனால் திரை பூட்டிக்கொள்கிறது, ஃபோல்டர் திறக்கிறது, எல்லா ஜன்னலும் கீழே விழுகிறது என்றால் விண்டோஸ் கீ. விண்டோஸோடு எல் சேர்ந்தால் பூட்டு, இ சேர்ந்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், டெஸ்க்டொப்பின் முதல் எழுத்தான டி சேர்ந்தால் டெஸ்க்டொப்.

ஷிப்ட் நின்றுபோனால் மட்டும் கொஞ்சம் கவனம். ஷிப்ட்டோடு டிலீட் சேர்ந்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே அழிந்துவிடும். சந்தேகம் தீரும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

உறுதி செய்துகொள்ள, ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஒன்ஸ்கிரீன் கீபோர்ட் என்பதை ஆங்கிலத்தில் அடித்துத் திறவுங்கள். விண்டோஸ், கொன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அமுக்கினாலும் வரும். திரையில் ஒரு கீபோர்ட் தோன்றும். நீங்கள் எதையும் தொடாமல் இருக்க, அதில் கொன்ட்ரோலோ ஷிப்ட்டோ நிறம் மாறி நின்றால், அதுதான் ஆள்.

உடனே திருகாணியைத் தேட வேண்டாம். கீ நிஜமாகவே இறுகாமல், அமுக்கி எடுத்த செய்தி மட்டும் விண்டோஸுக்குப் போய்ச் சேராமலும் இருக்கலாம். வேறொருவர் தூரத்திலிருந்து உங்கள் லப்டொப்பை இயக்கி முடித்த பிறகு இது அடிக்கடி நடக்கும். இரு பக்கத்துக் கொன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், விண்டோஸ் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டி விடுங்கள். அப்புறம் கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கி, வரும் திரையிலிருந்து எஸ்கேப் கொடுத்து வெளியே வாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் சுத்தம் செய்வதுதான். லப்டொப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, தலைகீழாகச் சரித்து மெதுவாகத் தட்டுங்கள். மெல்லிய பிரஷால் கீயைச் சுற்றித் துடையுங்கள். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஜன்னலோரம் திறந்து வைத்த லப்டொப்பில் உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு பிசினாகவே படியும். பட்ஸில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு ஓரங்களில் துடைத்தால் இளகும். ஸ்பேஸ், ஷிப்ட், என்டர் போன்ற நீளக் கீகளை மட்டும் நெம்பிக் கழற்ற வேண்டாம். அடியில் மெல்லிய கம்பியும் பிளாஸ்டிக் கொக்கிகளும் இருக்கும். ஒன்று உடைந்தால் அந்தக் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

கீபோர்ட்டுக்கு மேல் போடும் சிலிக்கன் உறையையும் ஒருமுறை எடுத்துவிட்டுப் பாருங்கள். சரியாகப் பொருந்தாத உறை தானே ஒரு கீயை அமுக்கிக்கொண்டிருக்கும்.

படி 3: பிள்ளைகள் கை வைத்த வீடா?

ஷிப்ட்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் யெஸ் கொடுத்தால் முடிந்தது கதை. அதன் பிறகு கொன்ட்ரோலைத் தட்டிவிட்டு விட்டாலும் அது அடுத்த கீ வரும் வரை பிடித்து வைத்திருக்கும். இரண்டு தரம் தட்டினால் பூட்டியே வைக்கும். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவர்களுக்கு அருமையான வசதி. தெரியாமல் இயங்கிவிட்டவர்களுக்குப் பேய்.

இதற்கு நேர் எதிரானது ஃபில்டர் கீஸ். வலப்பக்க ஷிப்ட்டை 8 வினாடி அமுக்கிப் பிடித்தால் அது கேட்கும். இயங்கிவிட்டால் சட்டென்று தட்டும் கீகளை விண்டோஸ் கணக்கில் எடுக்காது. கொன்ட்ரோல் சி அடித்தால் கொப்பி ஆகாது, எழுத்து விட்டுவிட்டு விழும், கீபோர்ட் செத்துவிட்டது என்றே நினைப்பீர்கள்.

இரண்டையும் நிறுத்தும் இடம் ஒன்றுதான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்சஸபிலிட்டி, கீபோர்ட். 10 என்றால் செட்டிங்ஸ், ஈஸ் ஒஃப் அக்சஸ், கீபோர்ட். அங்கே அவற்றைத் திறக்கும் ஷோர்ட்கட்டையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் இதே கதை.

படி 4: எஃப்என் என்ற சின்னக் கீ

ஆல்ட்டோடு எஃப் 4 அடித்தால் ஜன்னல் மூடுவதற்குப் பதில் வெளிச்சமோ சத்தமோ கூடிக் குறைகிறதா? உங்கள் ஷோர்ட்கட்டில் பிழை இல்லை. மேல் வரிசைக் கீகளுக்கு இரட்டை வேலை. எது முதல் வேலை என்பதை எஃப்என் தீர்மானிக்கிறது. எஃப்என்னையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். பல லப்டொப்களில் எஃப்என்னோடு எஸ்கேப்பைச் சேர்த்து அமுக்கினால் இது நிரந்தரமாக மாறும். எஸ்கேப் கீயில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் இருந்தால் உங்களுடையதும் அந்த ரகம்.

விண்டோஸ் கீ மட்டும் வேலை செய்யவில்லை, லப்டொப் கேமிங் ரகம் என்றால், விளையாடும்போது தவறுதலாகப் படாமல் இருக்க அதைப் பூட்டும் வசதி இருக்கும். விண்டோஸ் கீயின் மேலேயே பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள்.

படி 5: அம்புக்குறி ஓடுகிறது, கிளிக் மட்டும் இல்லை

டெஸ்க்டொப்பில் எதைத் தொட்டாலும் அசைவில்லை, ஆனால் பிரவுசருக்குள் எல்லாம் ஒழுங்கு என்றால் மவுஸில் குற்றமில்லை. டெஸ்க்டொப்பையும் டாஸ்க்பாரையும் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் உறைந்துவிட்டது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் மோர் டீடெய்ல்ஸ் கொடுங்கள். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேடி, வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட். திரையின் கீழ்ப்பகுதி ஒரு கணம் மறைந்து திரும்பும், பயப்பட வேண்டாம்.

ஐகன்களே காணோமா? டெஸ்க்டொப்பின் வெற்றிடத்தில் வலது கிளிக், வியூ, ஷோ டெஸ்க்டொப் ஐகன்ஸ். திறந்து வைத்த ஜன்னல்கள் எல்லாம் மாயமானால், கை தவறி இன்னொரு டெஸ்க்டொப்புக்குத் தாவியிருப்பீர்கள். விண்டோஸ், கொன்ட்ரோல், இடது அம்பு மூன்றும் சேர்த்தால் திரும்பி வரலாம். ஒரே கிளிக்கில் ஃபைல் திறந்தால் ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் டபுள் கிளிக்கைத் தெரிவு செய்யுங்கள். இடமும் வலமும் மாறிப்போயிருந்தால் மவுஸ் செட்டிங்ஸில் பிரைமரி பட்டன் லெஃப்ட்தானா என்று பாருங்கள்.

படி 6: டச்பேட்

டச்பேட் அடியோடு செத்திருந்தால் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட கீயைத் தேடி, எஃப்என்னோடு ஒரு தட்டு. வெளி மவுஸ் குத்தியவுடன் மட்டும் சாகிறது என்றால், செட்டிங்ஸின் டச்பேட் பக்கத்தில் மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதற்கு டிக் போடுங்கள். எழுதும்போது உள்ளங்கை பட்டு அம்புக்குறி தாவினால் அதே பக்கத்தில் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்.

அடுத்தது யாரும் சொல்லித் தராதது. அம்புக்குறி தானாகத் துள்ளுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். துள்ளல் நின்றுவிட்டால் பிழை மின்சாரப் பக்கம். டச்பேட் விரல் பட்டதும் தன் மின்புலத்தில் வரும் மாற்றத்தை உணர்ந்துதான் இயங்குகிறது. சார்ஜரின் இரைச்சல் வடிந்து போக வழியில்லாவிட்டால் அது குழம்பும். நம் வீடுகளில் பழைய உருண்டைப் பின், புதிய சதுரப் பின் என்று இரண்டும் கலந்து கிடப்பதால் கொன்வேட்டர் மேல் கொன்வேட்டர் குத்துகிறோம். அவற்றில் சில ஏர்த்தைத் துண்டித்துவிடும். நேரே சுவர் பிளக்கில், மூன்று பின்னோடு குத்திப் பாருங்கள். வேர்த்த விரலும் இதே வேலையைச் செய்யும், ஏப்ரல் மாதக் கொழும்பில் கேட்கவே வேண்டாம்.

படி 7: தமிழில் எழுதுபவர்களுக்கு

மாமியின் லப்டொப்பில் கொன்ட்ரோலைச் சரிசெய்த பிறகும் ஒரு முறைப்பாடு மிச்சம் இருந்தது. "திடீரெண்டு இங்கிலீஷ் எழுத்து வருது." இடப்பக்க ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்தால் விண்டோஸ் மொழியை மாற்றும். விண்டோஸும் ஸ்பேஸும் சேர்ந்தாலும் அப்படியே. வேறு ஏதோ ஷோர்ட்கட்டுக்குப் போகும் வழியில் கை அதைத் தொட்டுவிடுகிறது. டாஸ்க்பாரின் வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். முதலில் அங்கே கண் போகட்டும்.

பாமினியில் எழுதுகிறவர்களுக்கு மொழி ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பாமினி ஒரு எழுத்துரு மட்டும். யுனிகோடில் எழுதுகிறவர்களுக்குத் தமிழ் விசைப்பலகை வேண்டும். ஒரே லப்டொப்பில் அம்மா பாமினி, மகள் யுனிகோட் என்றால் தினமும் சண்டைதான்.

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளைப் போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று: அது ஆல்ட்டோடு எண்களைச் சேர்த்துத்தான் விசைப்பலகையை மாற்றுகிறது. வேர்டில் ஆல்ட்டும் 1-உம் சேர்ந்தால் குவிக் அக்சஸ் பட்டியின் முதல் பொத்தான் இயங்கும். ஒரே ஷோர்ட்கட்டுக்கு இரண்டு பேர் உரிமை கோரினால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இப்படியான சந்தேகம் வந்தால் பின்னணியில் ஓடும் மென்பொருளை மூடிவிட்டு ஷோர்ட்கட்டை மறுபடி அடித்துப் பாருங்கள்.

படி 8: கருவியா, விண்டோஸா?

இன்னும் சரியாகவில்லையா? யுஎஸ்பி கீபோர்ட்டும் மவுஸும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குங்கள். அவற்றிலும் அதே பிழை வந்தால் குற்றம் விண்டோஸில். அவை ஒழுங்காக ஓடினால் லப்டொப்பின் கீபோர்ட்டையோ டச்பேடையோ சந்தேகிக்கலாம். அமுங்கி நிற்கும் கீ எல்லாவற்றையும் குழப்பும் என்பதால் படி 2-ஐ முடித்துவிட்டே இதைச் செய்யுங்கள்.

இன்னொரு சோதனை பயோஸ், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை. லப்டொப் எழும்பும்போது எஃப் 2, டிலீட் போன்ற ஒரு கீ அங்கே கொண்டுபோகும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே விண்டோஸே இல்லை. அம்புக் கீகள் அங்கும் அசையாவிட்டால் கருவிதான் பழுது. ஒன்றையும் மாற்றாமல் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

பயோஸில் ஒழுங்கு, விண்டோஸில் மட்டும் குழப்பம் என்றால் ஸ்டார்ட்டை வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜர் திறந்து, கீபோர்ட்ஸ் கீழுள்ளதை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். அந்த இடைவெளியில் கீபோர்ட் இயங்காமல் போகலாம், ஆகவே மவுஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

நேரே கடைக்குப் போக வேண்டிய இடங்கள் இரண்டு. பிளேன்டி ஊற்றுப்பட்டது முதலாவது. உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, திரும்ப ஓன் செய்யாமல் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, டச்பேட் கிளிக் ஆக மறுக்கிறது, அதோடு அது மேலே எழும்பியது போலவும் இருக்கிறது, அல்லது லப்டொப் மேசையில் ஆடுகிறது. அடியில் பட்டரி வீங்கியிருக்கலாம். அதை அமுக்கவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. வெய்யிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவோ, வீட்டுக்குக் கிட்டவுள்ள சின்னக் கடையோ, எங்கே போனாலும் "லப்டொப் பழுது" என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுக்காதீர்கள். "வெளி கீபோர்ட்டில் ஒழுங்கு, பயோஸில் அம்புக் கீ அசையவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவரின் பேச்சே மாறும். ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டே கொடுங்கள். மாமி இப்போது பிஸ்கட்டை வேறு மேசையில் வைக்கிறார், தேத்தண்ணி மட்டும் இன்னும் லப்டொப்புக்குப் பக்கத்தில்தான்.