ஏலச்சீட்டு எடுக்கும் முன் அதன் வட்டியைக் கணக்கிடுவது எப்படி?

ஏலச்சீட்டு எடுத்த ஒருவரிடம், எத்தனை வட்டிக்குக் கடன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "கடன் எதுவும் வாங்கவில்லை, என் சீட்டைத்தான் எடுத்தேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது; கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி அவர் ஏற்கனவே கட்டிய பணம்தான். மீதிப் பகுதி கடன். அந்தக் கடனுக்கான வட்டி எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை, சீட்டை எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகையான கழிவு என்ற பெயரில் ஏலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதை வெளியே எடுத்துப் பார்க்க, சீட்டுப் புத்தகமும் பத்து நிமிட நேரமும் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை வைத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதங்கள், மாதத் தவணை 5,000 ரூபாய். நடத்துபவரின் கமிஷன் 5 விழுக்காடு, அதாவது மாதம் 5,000 ரூபாய். யார் அதிகக் கழிவு விட்டுக்கொடுக்க முன்வருகிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு, அதாவது ஒரு லட்சத்தில் கழிவு போக மீதி. ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவருக்கு 75,000 கிடைக்கும். கழிவில் கமிஷன் போக மிஞ்சும் 20,000 ரூபாயை 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000 வரும். ஆகவே அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும். முதல் ஐந்து மாதங்களில் கழிவு 30,000 ரூபாயாகவும், அடுத்த ஐந்தில் 25,000 ஆகவும், அதற்கடுத்த ஐந்தில் 15,000 ஆகவும், கடைசி ஐந்தில் கமிஷன் அளவான 5,000 ஆகவும் இருப்பதாகக் கொண்டால், தவணைகள் முறையே 3,750, 4,000, 4,500, 5,000 ரூபாய் ஆகும். இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தம் 86,250 ரூபாய்.

கணக்கின் முதல் படி, கைக்கு வரும் தொகையிலிருந்து, எடுக்கும் மாதத் தவணையையும் சேர்த்து அதுவரை நீங்கள் கட்டிய அனைத்தையும் கழிப்பது. மிஞ்சுவதுதான் உண்மையான கடன். பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். 75,000 ரூபாய்க்கு 25,000 கழிவு, இருபது மாதம் என்று மனத்துக்குள் வகுத்துப் பார்த்து, பரவாயில்லை என்று எண்ணிவிடுகிறார்கள்.

மூன்றாம் மாதம் எடுத்தவருக்கு 70,000 வருகிறது. அதுவரை கட்டியது 11,250. ஆகவே கடன் 58,750. இனி அவர் 17 மாதங்களில் கட்டப்போவது 75,000. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 16,250 ரூபாய்தான் வட்டி. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், முழுத் தொகையும் 17 மாதம் அவரிடம் இருந்ததாகக் கொள்ளக் கூடாது. மீதி மாதங்களோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 9 வரும். சராசரியாக ஒன்பது மாதம் அந்தப் பணம் அவரிடம் இருந்தது என்று பொருள். 58,750 ஐ 9 ஆல் பெருக்கி, அந்தத் தொகையால் 16,250 ஐ வகுத்து, நூறால் பெருக்கினால், ஏறத்தாழ 3.07 கிடைக்கும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், பேச்சு வழக்கில் மூன்று வட்டி. இந்தக் குறுக்குக் கணக்கு சற்று அதிகமாகக் காட்டும். எக்செல்லில் துல்லியமாகப் போட்டால் 2.7 வரும். ஆனால் ஏலம் நடக்கும் இடத்தில் கைப்பேசியில் போடுவதற்கு இதுவே போதும்.

பத்தாம் மாதத்துக்கு வருவோம். அப்போது கழிவு 25,000 தான், மூன்றாம் மாதத்தைவிட 5,000 குறைவு. மலிவு என்று தோன்றும். ஆனால் 75,000 வாங்குபவர் அதற்குள் 38,750 கட்டியிருக்கிறார். உண்மைக் கடன் 36,250 மட்டுமே. அதற்காக மீதிப் பத்து மாதங்களில் 47,500 கட்டுகிறார். வட்டி 11,250, சராசரிக் காலம் ஐந்தரை மாதம். வகுத்துப் பார்த்தால் 5.6, துல்லியமாகப் போட்டாலும் 5.1. ஐந்து வட்டிக்கு மேல்! தெருவில் ஐந்து வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள், அதே வட்டியைச் சீட்டில் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டு வருகின்றன. தன் சேமிப்பு உள்ளே சேரச் சேர, அதே கழிவு சிறிய கடனின் மீதும் குறைந்த மாதங்களின் மீதும் விழுகிறது. ஆகையால் சீட்டின் நடுப்பகுதியில் போட்டி போட்டு எடுப்பதைப்போல் விலை கூடிய கடன் குறைவு. பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் நெருங்கும் மாதங்களில் இந்தப் போட்டி ஏறும் என்பது சீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததே.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், எதுவரை ஏலம் கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பத்தாம் மாதம் எடுக்க விரும்புபவர் ஒன்றரை வட்டிக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தால், ஒன்றரையை ஐந்தரை மாதத்தால் பெருக்க வேண்டும், நூற்றுக்கு 8.25 வரும். இனிக் கட்டவேண்டிய 47,500 ஐ 1.0825 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43,900. அத்துடன் கட்டிய பணத்தைக் கூட்டினால், கைக்கு வரவேண்டியது சுமார் 83,000. அதாவது 17,000 ரூபாய்க்கு மேல் தள்ளக் கூடாது. இந்த எண்ணை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஏலத்தின் சூட்டில் போடும் கணக்கு சரியாக இருப்பதில்லை. நகை இருந்தால், வங்கியில் நகைக்கடன் பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள் கிடைப்பதால், உங்கள் எல்லையை அதை வைத்தே தீர்மானிக்கலாம்.

எதிர்காலத் தவணைகள் ஏல நாளில் தெரியாதே என்று கேட்கலாம். சேரும்போதே, அதே நபர் அல்லது நிறுவனம் முன்பு நடத்தி முடித்த, அதே அளவுள்ள ஒரு சீட்டின் மாதவாரி ஏலப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் சேர வேண்டியதில்லை.

கடைசி வரை எடுக்காமல் இருப்பவரின் கணக்கு எளிது. மேற்கண்ட சீட்டில் அவர் 86,250 கட்டி 95,000 பெறுகிறார்; 8,750 ரூபாய் லாபம், மாதத்துக்கு ஒரு வட்டிக்குச் சற்று மேல். வங்கித் தொடர் வைப்பைவிட இது கூடுதல்தான். ஆனால் வங்கி வைப்புகளுக்கு 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. லாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: இருபது மாதத்தில் உறுப்பினர்கள் விட்ட மொத்தக் கழிவு 3,75,000, அதில் ஒரு லட்சம் நடத்துபவருக்குப் போய்விட்டது. மீதியே உறுப்பினர்களுக்குள் சுற்றியது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிகள் சட்டப்படி, நடத்துபவர் முன் அனுமதி பெற்று, சீட்டைப் பதிவுசெய்து, பிணைத்தொகையும் கட்ட வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5 இலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. ஆகவே கமிஷன் எவ்வளவு, அதன்மீது ஜிஎஸ்டி யார் தலையில் விழுகிறது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு மேற்கண்ட எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இதைக் கவனிக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், தெரிந்தவர் நடத்துவதாக இருந்தாலும்.

இரண்டு செலவுகள் கணக்கில் வராமல் தப்பிவிடும். சீட்டு எடுத்தவர் ஜாமீன் கொடுத்த பிறகே பணம் தருவார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவரை ஜாமீனுக்குத் தேடி ஒரு மாதம் அலைந்தால், கழிவு விட்ட பிறகும் பணமில்லாமல் ஒரு மாதம் கழிகிறது. ஆகவே ஏலத்துக்கு முன்பே ஜாமீன்தாரரின் சம்பளச் சான்று முதலியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்றொன்று, பல நிறுவனங்களில் தவணை தவறினால், கழிவிலிருந்து பிரித்துத் தரும் அந்த மாதப் பங்கு கிடைக்காது. மேற்கண்ட சீட்டில் முதல் ஐந்து மாதங்களில் ஒரு தவணையைத் தாமதமாகக் கட்டினால் 1,250 ரூபாய் போய்விடும். 3,750 ரூபாயைப் பத்து நாள் தள்ளிக் கட்டியதற்கு அது நூற்றுக்கு 33 ரூபாய்.