ரிசப்ஷன் கூட்டத்துக்குள் மேஜிக் செய்யப் போகிறவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மண்டபத்தில் ஆட்களுக்கு நடுவே நடந்தபடி மேஜிக் செய்யப் போகிறீர்களா? 3 ஐட்டம் போதும், ஆனால் மூன்றுமே மேஜை இல்லாமல் கையிலேயே முடிய வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு நடக்கும் பத்தடிக்குள் மறுபடி தயாராகிவிடவும் வேண்டும். வலது பாக்கெட்டில் சீட்டுக்கட்டு, இடதில் ஸ்பாஞ்ச் பந்து, சட்டைப் பையில் நாணயம். இடம் மாறவே கூடாது. கடலோரப் புழுக்கத்தில் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் இன்னொரு கட்டும் கைக்குட்டையும் கட்டாயம். லைட் மியூசிக் சத்தத்தில் பேச்சு கேட்காது, கண்ணாலேயே புரிகிற வித்தையாக எடுங்கள். அப்புறம், பந்தி வேண்டாம், பிரியாணிக் கையோடு யாரும் சீட்டைத் தொட முடியாது. மொய்க் கவரோடு மேடையேற வரிசையில் நிற்பவர்களிடம் போங்கள். ஒரு சிறுமியின் மூடிய உள்ளங்கைக்குள் ஒரு பந்து இரண்டாகும்போது, பின்னால் நிற்கும் பாட்டியும் எட்டிப் பார்ப்பார்.