முதலில் விசா, பிறகு டிக்கெட்

வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் அன்றிரவே விமான டிக்கெட் வாங்கிவிடாதீர்கள், தம்பி தங்கச்சிமாரே. பயண முகவரிடம் காசு கட்டாத முன்பதிவுத் தாள் ஒன்றை எடுத்து, அதைக் காட்டி விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

பெர்லின், ரொட்டர்டாம், கான் விழாக்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். அதற்கு, போய்வரும் திகதிகள் உள்ள முன்பதிவே பொதுவாகப் போதும். விசா மறுக்கப்பட்டால் அதன் கட்டணம் எப்படியும் திரும்பாது. டிக்கெட் காசாவது மிஞ்சட்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குத் தள்ளிவிடாதீர்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்த்தான் கைரேகை கொடுக்க வேண்டும், அதையும் கணக்கில் எடுங்கள். முன்பதிவுத் தாளில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பயண முகவரிடம் வைத்தே பாருங்கள். தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

சிங்கப்பூர் விழாவுக்கு இது பொருந்தாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அங்கே குறுகிய பயணத்துக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. திகதி உறுதியானதும் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். டிசம்பர் நெருங்க நெருங்க விலை ஏறிவிடும்.