கணவாய்க் காற்றுக்கு முறுக்காத இறக்கை: பால்சா கிளைடர் கட்டும் முறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, கேரளச் சித்தூர் வரைக்கும் கட்டப்படுகிற கிளைடர் (எஞ்சின் இல்லாத சிறு விமான மாதிரி) ஒன்று ஒழுங்காகப் பறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இறக்கையைத்தான். மூக்கில் ஈயம் கூட்டுவது, வால் சுக்கானைத் திருப்புவது எல்லாம் அப்புறம். இறக்கை முறுக்கியிருந்தால் வேறு எந்தச் சரிக்கட்டலும் நிலைக்காது. வண்டியை, அதாவது கிளைடரை, ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் இழுக்கும்.

முறுக்குக்குக் காரணம் இந்த ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து சாரல் காற்று ஏறும். அப்போது இறக்கைச் சட்டத்தின் மேல் போர்த்திய டிஷ்யூ தாள் ஈரத்தைக் குடித்துத் தொளதொளத்துவிடும். கார்த்திகை பிறந்ததும் காற்று திசை மாறிக் கிழக்கேயிருந்து வறண்டு அடிக்கும். பாலக்காட்டுப் பக்கம் இதை விருச்சிகக் காற்று என்பார்கள். அதே தாள் இப்போது தோலை இழுத்துக் கட்டிய பறை மாதிரி விறைக்கும். மேல்தாளும் கீழ்த்தாளும் ஒரே அளவு இழுப்பதில்லை. எது அதிகமாக இழுக்கிறதோ அதன் பக்கம் மெல்லிய பால்சா சட்டம் திரும்பிக்கொள்ளும். ஆடியில் நேராக இருந்த இறக்கை மார்கழியில் விசிறி மட்டை போல் திருகி நிற்பது இதனால்தான். பழைய ஆட்கள் கூடும் பட்டறையில் அப்படி ஒரு இறக்கை மேசைக்கு வந்தால் கேள்வி தயாராக இருக்கும்: "ஏனுங்ணா, டீக்கு முறுக்கு வாங்கோணுமா, இல்ல இறக்கையில இருக்கறதே போதுமுங்களா?"

இங்கே சொல்லப்போவது நுனிக்கு நுனி 90 செ.மீ. இறக்கை அகலம், 12 செ.மீ. நாண் நீளம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) கொண்ட ஒரு கயிற்றிழுப்பு கிளைடர், அதாவது பட்டம் போல் கயிற்றால் இழுத்து மேலேற்றுவது. மொத்த எடை 105 முதல் 115 கிராம். எஞ்சின் கிடையாது, ரிமோட் கிடையாது.

மரம் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். ஹாபி கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். பால்சா ஒரே அளவுப் பலகையிலும் எடை இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடும். கையில் தூக்கிப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டான ரிப் வெட்டும் 1.5 மி.மீ. பலகை (75 மி.மீ. அகலம், 914 மி.மீ. நீளம்) 10 முதல் 12 கிராம் இருக்கட்டும். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் ஸ்பார் சட்டம், முன்விளிம்பு, பின்விளிம்பு வெட்டும் 3 மி.மீ., 5 மி.மீ. பலகைகள் கெட்டியாக வேண்டும். 3 மி.மீ. பலகை 33 முதல் 37 கிராம் வந்தால் சரி. ரிப்புக்கு இன்னொன்றும் பாருங்கள். பலகையின் மேல் மீன் செதிள் போல் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அது குறுக்கே விறைப்பான மரம், ரிப்புக்கும் வாலுக்கும் அதுதான். புள்ளி இல்லாமல் நீளக் கோடுகளாக ஓடும் மரம் சுலபமாக வளையும். அதை இறக்கைக்குள் வைத்தால் முறுக்குக்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி.

ரிப் மொத்தம் 22. இறக்கை நான்கு துண்டு: நடுவில் 25 செ.மீ. வீதம் இரண்டு, நுனியில் 20 செ.மீ. வீதம் இரண்டு. 5 செ.மீ.க்கு ஒரு ரிப். நடுத்துண்டுக்கு ஆறு, நுனித்துண்டுக்கு ஐந்து. ஒவ்வொன்றாக வெட்டினால் ஒன்றுபோல் ஒன்று வராது. 105 மி.மீ. நீளம், 12 மி.மீ. உயரத்தில் துண்டுகளை வெட்டி அடுக்கி, இரண்டு பக்கமும் பிளைவுட் அச்சு வைத்து, 3 மி.மீ. போல்ட் இரண்டால் இறுக்கி, மொத்தமாகத் தேய்த்து எடுங்கள். அடிப்பக்கம் தட்டை, மேல் வளைவின் உச்சம் 10 மி.மீ. ஸ்பார் குழியையும் அடுக்கு பிரிக்காமலே அரத்தால் போட்டுவிடுங்கள்.

கட்டும் பலகைதான் இந்த வேலையின் தாய். 18 மி.மீ. பிளைவுட் மேல் குண்டூசி இறங்கும் மென்பலகை ஒட்டி, குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் பலகைக்கும் இடையே எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வளைந்த பலகையில் கட்டியது வளைந்தேதான் வரும். பலகையில் வைக்கும் வரைபடத்தின் மேல் மெல்லிய பாலிதீன் விரித்துத் துண்டுகளைக் குண்டூசியால் நிறுத்துங்கள், பசை பலகையில் ஒட்டாது.

பசைக்கு ஃபெவிகால் போதும். ஆனால் தீக்குச்சி நுனியில் எடுத்து வைக்கும் அளவு மட்டுமே. நிறையப் பூசினால் அதிலுள்ள தண்ணீரே 1.5 மி.மீ. ரிப்பை ஊதவைத்து வளைக்கும். மழை மாதத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஊசியை எடுக்காதீர்கள். சூப்பர் குளூ ஈரக்காற்றில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், ஆனால் மூட்டு நொறுங்கும் தன்மையாகிவிடும். திறந்த பாட்டிலைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்தபிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம் படிந்து பாட்டிலே கட்டியாகும்.

நுனித்துண்டுகளில் மட்டும் ரிப்புகளுக்கு இடையே மூலைவிட்டமாக 1.5 மி.மீ. பட்டைகளை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு வைத்து ஒட்டுங்கள். நான்கு பட்டைக்கு ஒரு கிராம்கூட எடை ஏறாது. சட்டம் திருகாமல் தடுப்பது அந்தச் சாய்வுப் பட்டைதான். இந்த ஊரில் அதை விட்டுவிடுவது பெரிய தப்பு.

துண்டுகளை இணைக்கும்போது நடுத்துண்டின் வெளி முனை 2.5 செ.மீ. உயர வேண்டும். அதன் கோட்டிலிருந்து நுனித்துண்டின் முனை இன்னும் 5 செ.மீ. உயர வேண்டும். ஸ்பார் மூட்டில் 1 மி.மீ. பிளைவுட் பட்டை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்.

இனி தாள் போர்த்துவது. வாரம் முழுக்க ஆகும், அவசரப்பட்டால் மேலே சொன்ன வேலையெல்லாம் வீண். ஜப்பானிய டிஷ்யூ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மெல்லிய பட்டத்தாள். பட்டத்தாளில் சாயம் கரையும். ஒரு மூலையில் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். தாளுக்கும் நார் திசை உண்டு. இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நார் ஓடும் திசை. அது இறக்கையின் நீளவாக்கில் வர வேண்டும். குறுக்கே வைத்தால் ரிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை அருமையாக வேலை செய்யும். ஒரு தேக்கரண்டி மைதாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சுங்கள். பசை கண்ணாடி போல் தெளிந்ததும் இறக்கி மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேருங்கள். துத்தம் இல்லாவிட்டால் கரப்பான் ஒரே ராத்திரியில் விளிம்பைத் தின்றுவிடும். துத்தம் விஷம். பழைய பாத்திரத்தில் காய்ச்சி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். மேல்பக்கத்தை நான்கு துண்டுக்கும் தனித்தனித் தாளாகப் போர்த்த வேண்டும். துண்டுகள் சேரும் மூலை வளைவில் ஒரே தாளை இழுத்தால் சுருக்கம் போகவே போகாது.

பசை காய்ந்ததும் பூவுக்குத் தெளிப்பது போல் ஸ்பிரே பாட்டிலால் மெல்லிய தண்ணீர்ப் புகை மேலும் கீழும் ஒரே நேரத்தில் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் அந்தப் பக்கம் இழுக்கும். நனைந்த நொடியே ஒவ்வொரு துண்டாகக் கட்டும் பலகையில் 6 மி.மீ. கட்டைகள் மேல் வைத்துக் குண்டூசியால் இருத்துங்கள். கட்டை இருந்தால்தான் அடியிலும் காற்று போகும், இரண்டு பக்கமும் ஒன்றாகக் காயும். நுனித்துண்டில் மட்டும் பின்விளிம்பின் கடைசி முனைக்கு அடியில் கூடுதலாக 3 மி.மீ. கட்டை. இது நாமே வேண்டுமென்று கொடுக்கும் திருப்பம். வேகம் குறையும்போது நுனி முதலில் விழாமல் காக்கும். இடம் வலம் இரண்டிலும் ஒரே 3 மி.மீ., அரை மி.மீ. வித்தியாசம்கூட வேண்டாம்.

தாள் விறைத்ததும் டோப், அதாவது தாளை இறுக்கும் லேக்கர் பூச்சு. பெயிண்ட் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் என்.சி. கிளியர் லேக்கர் ஒரு பங்கு, என்.சி. தின்னர் இரண்டு பங்கு. கலந்த 100 மி.லி.க்கு விளக்கெண்ணெய் 2 மி.லி. எண்ணெய் சேர்க்காவிட்டால் லேக்கர் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய்க் கீழ்காற்றில் இறக்கையை முறுக்கும். மெல்லிய பூச்சு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பளபளப்புக்காக நான்காவது பூசுவது எடையும் முறுக்கும் கூட்டுவதற்குத்தான். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பலகையில் ஊசி குத்தி வையுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு நான்கைந்து நாள் அப்படியே இருக்கட்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

மழை நாளில் பூசினால் டோப் பால்நிறமாக வெளுக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் அது. வெயில் அடிக்கும் நாளில் வெறும் தின்னரை ஒரு தடவை மெலிதாகப் பூசினால் தெளிந்துவிடும். போர்த்தும் வேலைக்கு மாசி, பங்குனிதான் ஏற்ற காலம். சாரலும் இல்லை, கீழ்காற்றின் கடும் வறட்சியும் தணிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் முறுக்கு வந்தால் இட்லிப் பானை இருக்கிறது. இரண்டு மீட்டர் பின்னால் நின்று இறக்கையைக் கண்மட்டத்தில் பாருங்கள். முன்விளிம்பும் பின்விளிம்பும் எங்கே கோடு பிசகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைக் கொதிக்கும் பானை ஆவியில் 10 முதல் 15 விநாடி காட்டி, முறுக்கியதற்கு எதிர்ப்பக்கம் தேவைக்குச் சற்றே கூடுதலாகத் திருகி, ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். சூட்டோடு விட்டால் பழையபடி போய்விடும்.

வால் 30 செ.மீ.க்கு 8 செ.மீ., தட்டையான சட்டம். இறக்கையிலிருந்து வாலுக்கு 45 செ.மீ. தூரம். உடலுக்கு 6 மி.மீ. கார்பன் குழாய் போதும். இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 6 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும், வால் சமமாக. மூக்கில் தூண்டில் ஈயம் வைத்து, முன்விளிம்பிலிருந்து 4.5 செ.மீ. பின்னால் விரல் வைத்தால் வண்டி சமமாக நிற்கும்படி செய்யுங்கள்.

பறக்கவிட விடியல் நேரம், அறுவடை முடிந்த வயல். தோள் உயரத்தில் பிடித்து, 15 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, எறியாமல் தள்ளிவிடுங்கள். மூக்கு குத்தினால் வாலின் பின்விளிம்புக்கு அடியில் அரை மி.மீ. கனத்தில் அட்டைச் சீட்டு. ஏறி நின்று தொப்பென்று விழுந்தால் வாலின் முன்விளிம்புக்கு அடியில் சீட்டு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கயிற்றிழுப்புக்குக் கொக்கி, எடைப்புள்ளிக்கு 8 மி.மீ. முன்னால். மேலே ஏறாமல் தாழ இழுத்தால் கொக்கியை 2 மி.மீ. பின்னுக்கும், ஏறும்போது பக்கவாட்டில் ஓடினால் 2 மி.மீ. முன்னுக்கும் நகர்த்துங்கள். போட்டிக் கயிறு 50 மீட்டர். இங்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே 20 மீட்டர் தாராளம். வெயில் ஏறிப் பருந்து வட்டமிடத் தொடங்கினால் வண்டியும் கூடவே ஏறிப் போய்விடும். வாலைக் குறித்த நேரத்தில் 40 டிகிரி தூக்கி இறக்கும் சின்ன டைமர் இல்லாமல் அந்த நேரத்தில் விடாதீர்கள். நெருப்புத் திரி கட்டும் பழைய முறை காய்ந்த வைக்கோல் வயலுக்கு ஆகாது.

தென்னையில் மாட்டினால் கல் எறியாதீர்கள், கல் தாளைத்தான் கிழிக்கும். மரமேறும் ஆள் வரும்வரை பொறுத்திருங்கள். எல்லைத் தாண்டி இறங்கும் வண்டி யார் தோப்பில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இறக்கையின் அடிப்பக்கத்தில், நடு ரிப்புக்குப் பக்கத்தில், ஊர்ப்பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கீழே போன் நம்பரைப் போட்டு, அதன்மேல் ஒரு கை டோப் பூசிவிடுங்கள்.